டெனிஸ் மட்டையோடு தனியே நின்ற பிள்ளை

தோட்டத்தில் பிறந்து தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைமாருக்கு,

உங்களில் அநேகர் இன்னும் படித்திராத ஒரு நாவலோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைப் பேசித் தீர்க்க உங்களைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடையாது என்று தோன்றியது. நாவல் ஜப்பானில் எழுதப்பட்டது. எழுதியவர் ஷிமாஸாகி தோசொன். பெயர் ‘ஹகாய்’, ‘மீறிய கட்டளை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1906 இல் கடன் வாங்கித் தன் சொந்தச் செலவிலேயே அச்சடித்து வெளியிட்டார். கென்னத் ஸ்ட்ரோங் 1974 இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். நான் படித்தது அதைத்தான்.

கதாநாயகன் உங்களைப் போல ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியன். பெயர் செகாவா உஷிமாட்சு. நாகானோவில் ஆசிரிய கலாசாலை முடித்து, இய்யாமா என்ற மலைப்பட்டணத்தில் வேலை. அங்கே பனி கொட்டும், இங்கே மூடுபனி. மற்றபடி எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிதான். மேலிடத்து ஆள் வருகிறார் என்றால் பாடசாலையே பரபரக்கிறது. அதிபருக்குப் பிடிக்காத ஆசிரியரின் குற்றங்குறை தேடப்படுகிறது. ஓய்வூதியத்துக்குச் சில மாதங்களே இருக்கையில் வேலையை விட நேர்ந்த ஒரு குடிகார வாத்தியார்கூட வருகிறார். அவரைப் படிக்கும்போது உங்களுக்கு யாராவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

உஷிமாட்சுவிடம் ஒரு இரகசியம் இருக்கிறது. மாடு அறுப்பது, தோல் பதனிடுவது போன்ற வேலைகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்யவைத்து, ‘எதா’ என்று பெயரிட்டு ஒதுக்கிவைத்த கூட்டத்தில் பிறந்தவன் அவன். 1871 இல் ஜப்பான் அரசாங்கம் அந்தப் பெயரைச் சட்டம் போட்டு ஒழித்தது. அடுத்த வருடமே நாட்டில் எல்லாரையும் குடும்பப் பதிவேட்டில் எழுதினார்கள். எழுதும்போது பல இடங்களில் இவர்களுக்கு மட்டும் ‘புதுக் குடிமக்கள்’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பழைய பதிவேடுகளை வெளியார் கண்ணில் படாமல் மூடி வைத்தது 1968 இல். கிட்டத்தட்ட நூறு வருடம் யாரும் புரட்டிப் பார்க்கலாம் என்று கிடந்திருக்கிறது.

இவர்களுக்கும் மற்ற ஜப்பானியருக்கும் முகத்தில் வித்தியாசமில்லை, பேச்சில் இல்லை, கும்பிடும் சாமியில் இல்லை. ஊரை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க முடியும். 1975 இல் ஒரு வியாபாரம் அம்பலமானது. இந்தக் குடியிருப்புகளின் பெயர்களையெல்லாம் திரட்டிப் புத்தகமாக்கிக் கம்பெனிகளுக்கு இரகசியமாக விற்றிருந்தார்கள். வேலைக்கு மனுப்போட்டவரின் முகவரியை அந்தப் பட்டியலோடு ஒத்துப்பார்த்துவிட்டு ‘இடமில்லை’ என்று கடிதம் அனுப்பலாம். வாங்கியவர்களில் பேர்போன பெரிய நிறுவனங்கள் பல. நாவல் வந்து எழுபது வருடம் கழித்து, ரொக்கெட் விடுகிற ஜப்பானில் நடந்தது இது.

இப்போது உங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். புறக்கோட்டையில் மொத்தக் கடையிலும் வெள்ளவத்தையில் புடவைக்கடையிலும் நிற்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள், ‘தம்பிக்கு எந்த ஊர்?’ என்று. பாதிப் பேர் ‘கண்டி’ என்பார்கள். ‘நுவரெலியா’ என்பது கொஞ்சம் துணிந்த பதில். ‘நுவரெலியாவில் எங்கே?’ என்று விடாமல் கேட்டால் ‘டவுனுக்குப் பக்கம்’. இந்த டவுனுக்குப் பக்கம் என்பது டயகம வரைக்கும் நீளும். என்னிடம் படித்த ஒரு பையன் ஒரு படி மேலே போய், தன் தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரை மட்டும் சொல்லி, கேட்டவர் அதை ஏதோ புது வீடமைப்புத் திட்டம் என்று நினைக்கும்படி விட்டுவிடுவானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஊரைச் சொன்னால் கொழும்பில் அறை கிடைக்காது, சம்பந்தம் முறியும், வடக்கில் படிக்கப் போன பிள்ளைக்கு ‘தோட்டக்காட்டான்’ என்ற பட்டம் தமிழனின் வாயிலிருந்தே கிடைக்கும், தெற்கே போனால் ‘கள்ளத்தோணி’ காத்திருக்கும். யுத்தக் காலத்தில் கொழும்பு லொட்ஜுகளில் நடுச்சாமத்தில் கதவு தட்டப்பட்டபோது, அடையாள அட்டையில் இருந்த தோட்டத்து முகவரி பல பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. சந்தேகத்தின் பேரில் பிடித்துப்போகத் தமிழ்ப் பெயர் ஒன்றே போதுமாக இருந்தது. மறைக்கிறவன் கோழை என்று இருந்த இடத்தில் இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

தோசொனும் அப்படிச் சொல்லவில்லை. நாவலின் தொடக்கத்திலேயே ஒஹினாட்டா என்ற பணக்காரர் வருகிறார். வைத்தியசாலையில் இருந்தவரை, இன்ன கூட்டம் என்று தெரிந்ததும் மற்ற நோயாளிகள் சேர்ந்து எதிர்ப்புக் காட்டி வெளியேற்றுகிறார்கள். தங்கியிருந்த விடுதிக்கு வந்தால் அங்கேயும் அதே கூச்சல். உஷிமாட்சு குடியிருப்பது அதே விடுதியில்தான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாதே. ஆனாலும் அன்றைக்கே வேறிடம் தேடி, ஒரு பௌத்த ஆலயத்துக்குக் குடிமாறப் பார்க்கிறான். அடி விழுவது இன்னொருவர் முதுகில், வலிக்கிறது இவனுக்கு, வலிக்கிற மாதிரிக் காட்டவும் முடியாது. இந்த ஓர் அவஸ்தையை நூற்றுக்கணக்கான பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார் தோசொன். சில இடங்களில் இழுவை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

‘கட்டளை’ அவன் அப்பாவினுடையது. மகனுடைய பிறப்பை மறைப்பதற்காகவே குடும்பத்தோடு ஊர் மாறி, அதுவும் போதாதென்று தான் மட்டும் தனியே எபோஷி மலைச்சாரலில் மாடு மேய்த்துக்கொண்டு கிடந்த மனிதர் அவர். எது நேர்ந்தாலும் யாரைச் சந்தித்தாலும் வாயைத் திறக்காதே என்பதுதான் அவர் மகனுக்குக் கொடுத்த ஒரே சொத்து. கடைசியில் ஒரு காளை முட்டி இறந்துபோகிறார். அந்தக் காளையை அறுப்பதை உஷிமாட்சு மாடறுக்கும் கூடத்தில் நின்று பார்க்கிறான். கத்தி பிடித்திருப்பவர்கள் அவனுடைய சொந்தச் சனம். அவர்களுக்கு அது தெரியாது. அந்த அத்தியாயத்தை வேண்டுமானால் ராத்திரியில் படிக்காதீர்கள்.

நம் வீடுகளில் இந்த அப்பாக்கள் உண்டு. மகளை ஆசிரியையாக்கிவிட்டு, பாடசாலைப் பக்கம் தலைகாட்டாத அப்பா. மகனின் கொழும்பு முதலாளி தோட்டத்துக்கு வந்தபோது, கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கிவந்த அம்மா வாசல் வழியே வராமல் பின்பக்கமாகக் காம்பராவுக்குள் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள் என்று ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். மகன் அப்படிச் செய்யச் சொல்லவில்லையாம். அவளே செய்தாளாம்.

உஷிமாட்சு கடவுளாக மதிக்கும் எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார், இனோகோ ரென்டாரோ. அவரும் அதே கூட்டம். ஆசிரியராக இருந்து, பிறப்பு தெரிந்ததால் வேலை போனவர். அவர் மறைக்கவில்லை, அச்சில் சொல்லிவிட்டார். அவரிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இவன் பலமுறை போகிறான், வார்த்தை தொண்டையோடு நின்றுவிடுகிறது. ஊரில் வதந்தி கிளம்பியதும் இவன் செய்வது என்ன தெரியுமா? அலுமாரியில் இருக்கும் அவருடைய புத்தகங்களை எடுத்து, தன் பெயர் முத்திரை இருக்கும் இடத்தையெல்லாம் மையால் அழித்து, பழைய புத்தகக் கடையில் விற்றுவிட்டு வருகிறான். ரென்டாரோ பிறகு கூலிப்படையால் கொல்லப்படுகிறார். எனக்கு அந்தக் கொலையைவிட இந்த மை அழிப்புத்தான் கஷ்டமாக இருந்தது.

இதைப் படித்தபோது நம் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பை நினைத்துக்கொண்டேன். ஊவாவில் ஒரு தோட்டத்தில் பிறந்து, வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர். வாழ்ந்தது கொழும்புப் பக்கம், வத்தளையில். 2013 இல் விஷ்ணுபுரம் விருது வாங்கக் கோயம்புத்தூரில் மேடையேறியபோதும் அந்தத் தோட்டம்தான் முதலில் ஏறியது, ஜோசப் அதற்குப் பின்னால். 2022 இல் காலமாகும்வரை அந்தப் பெயரை இறக்கி வைக்கவில்லை. மல்லியப்புசந்தி திலகர் ஹட்டன் பக்கத்துச் சந்தியொன்றைச் சுமந்துகொண்டு பாராளுமன்றம் வரைக்கும் போய்வந்தார். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தாளருக்குத் தோட்டத்தின் பெயர் பட்டம். புடவைக்கடைப் பையனுக்கு அதே பெயர் பாரம். ஆகவே ஜோசப்பைப் போல இரு என்று அவனுக்குப் புத்தி சொல்ல நான் தயாரில்லை. சொல்லவேண்டியது அவனிடம் அல்ல என்பதுதான் என் கட்சி.

தரம் ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில் உங்கள் மேசைக்கு வரும் பிறப்புச் சான்றிதழ்களை நினைத்துப்பாருங்கள். நான்காக மடித்து மடிப்பு கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டி, ஷொப்பிங் பேக்கில் சுற்றி வரும். அதில் தந்தையின் இனம் என்று ஒரு கட்டம். அதற்கு நேரே ‘இந்தியத் தமிழர்’. கட்டத்துக்கு உரியவரோ பஸ்ஸில் மட்டக்களப்பைத் தாண்டாதவர். அவருடைய பாட்டனின் பாட்டன் கோப்பிக் காலத்தில் மன்னார்க் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்திருப்பார். இருநூறு வருடம் ஓர் இடத்தில் இருந்த பின்னும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுக்கொண்டிருக்கும் காகிதம் அது.

காகிதத்தால் நாம் பட்ட பாடு கொஞ்சமா. 1901 இலிருந்து நம் ஆட்கள் கழுத்தில் தகரத் துண்டு தொங்கியது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் வெட்டியிருக்கும். 1947 தேர்தலில் நம்மவர்கள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவிலிருந்து தொண்டமான், தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருடமே 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, உன் அப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது. லயத்தில் பிறந்ததை யார் பதிந்தார்கள்? 1949 இல் இன்னொரு சட்டம். எட்டு லட்சம் பேருக்கு மேல் அதில் மனுப்போட்டு, ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. பிறகு 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்து, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, பத்து வருடம் கழித்து அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டார்கள். கடைசி நாடற்றவருக்கும் குடியுரிமை என்ற சட்டம் 2003 இல்தான் வந்தது.

கணக்கெடுப்பிலும் இப்படி ஒளிந்து விளையாடுவதைப் பார்க்கலாம். 1971 இல் இந்தியத் தமிழர் 11,74,606 பேர். 1981 இல் 8,18,656. குறைந்ததில் பெரும்பங்கு கப்பலேறிப் போனவர்கள். இன்னொரு பங்கு எங்கும் போகவில்லை. கணக்கெடுக்க வந்தவரிடம் ‘இலங்கைத் தமிழர்’ என்று சொல்லிவிட்டு அதே காம்பராவில் இருந்தார்கள். 2012 இல் 8,39,504. உண்மைத் தொகை அதைவிடப் பெரிது என்று நம் அமைப்புகள் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. மதிப்பில்லாத ஒரு கட்டத்தில் தன்னை எழுதவேண்டாம் என்று ஒருவர் நினைத்தால் நான் அவரோடு எப்படிச் சண்டை பிடிப்பேன்?

கப்பல் என்றதும் நாவலின் முடிவு ஞாபகம் வருகிறது. என் வழக்கின் பாதி அங்கேதான். இரகசியம் வெளியான பின் உஷிமாட்சுவை தோசொன் என்ன செய்கிறார்? ஒஹினாட்டாவோடு சேர்த்து அமெரிக்காவில் டெக்சாசுக்கு விவசாயம் பண்ண அனுப்புகிறார். சிக்கலைக் கப்பலேற்றி அனுப்புவது நாவலாசிரியர்களுக்கும் பிரதமர்களுக்கும் எப்போதும் சுலபமான வேலை. ஹட்டன் ஸ்டேசனில் சொந்தக்காரரைக் கோச்சியேற்றிவிட்டு அழுத கதை நம் எல்லா லயத்திலும் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய், அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் திரும்பவும் கொழுந்துதான் பறித்தார்கள். இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’. டெக்சாசில் உஷிமாட்சுவுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று தோசொன் எழுதவில்லை.

வழக்கின் மறுபாதி, அவன் உண்மையைச் சொல்லும் காட்சி. தன் வகுப்பறையில், தன் மாணவர்கள் முன்னால் சொல்கிறான். அதுவரை சரி. சொல்லிவிட்டு, இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பலகைத் தரையில் மண்டியிட்டுத் தலை தாழ்த்துகிறான். யாரிடம்? பிள்ளைகளிடம். எதற்கு? பிறந்ததற்கு. படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என்னைவிட முன்னாலேயே கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். 1922 மார்ச் 3 இல் கியோட்டோவில் அந்த மக்களே கூடி ‘சுய்ஹெய்ஷா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எங்களுக்கு இரக்கம் வேண்டாம், எங்கள் பிறப்பில் எங்களுக்குப் பெருமையே என்று பிரகடனம் செய்தார்கள். நாவலில் வரும் ஏச்சுச் சொற்களையும் அது எழுதப்பட்ட தோரணையையும் பற்றி எழுந்த சர்ச்சைகளுக்குப் பிறகு தோசொன் 1939 இல் சொற்களை மாற்றி ஒரு திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். பழைய வடிவம் 1953 இல்தான் திரும்பவும் அச்சானது. சொற்களை மாற்றலாம், மண்டியிட்ட முழங்காலை எப்படித் திருத்துவது?

2023 இல் நம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, முன்னோர் வந்த அதே வழியில். உங்களில் சிலர் அதில் இருந்தீர்கள். அந்த நடையை டீவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு சுய்ஹெய்ஷாக்காரர்களின் நினைவுதான் வந்தது. கேட்டது சலுகையல்ல. மாண்போடு ஏற்றுக்கொள் என்பதுதான்.

இத்தோடு மடலை முடித்திருந்தால் எல்லாரும் கை தட்டியிருப்பீர்கள், நானும் நல்ல பெயரோடு போயிருப்பேன். ஆனால் உஷிமாட்சுவை நம் ஆள் என்று கொண்டாடுமுன் ஒன்று கேட்கவேண்டும். ஜப்பானில் அவனை ஒதுக்கியது வெள்ளைக்காரன் அல்ல, வேற்று மொழிக்காரனும் அல்ல. பக்கத்துத் தெரு.

நம்மைக் கூட்டிவந்த கங்காணி தனியே வரவில்லை, ஊரையே வேரோடும் மண்ணோடும் கொண்டுவந்தான். கடன் கொடுத்துக் கூட்டிவந்த சனத்தில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். பெரிய கங்காணியோ அநேகமாக மேலே நின்ற சாதி. லயன் கட்டியது துரையின் கணக்கு. எந்தக் குடும்பம் எந்த லயத்தில் என்பது கங்காணியின் கணக்கு. சாதிப் பெயரோடே அழைக்கப்பட்ட லயங்கள் இருந்தன. உங்கள் பாட்டிமாரிடம் கேளுங்கள், சொல்வார்கள். இப்போது யார் சேர் அதெல்லாம் பார்க்கிறாங்க என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பிரட்டுக்களத்தில் பார்ப்பதில்லை, கொழுந்து மலையில் பார்ப்பதில்லை, சங்கத்துச் சந்தாவில் சுத்தமாகப் பார்ப்பதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் கமிட்டி கூடும்போது பாருங்கள். தேர் புறப்படும்போது தப்பு அடிக்க யாரைக் கூப்பிடுகிறார்கள், அடித்து முடித்தபின் அவர் எங்கே நின்று சோறு வாங்குகிறார் என்று பாருங்கள். சம்பந்தம் பேசும் வீட்டில் ‘மேற்கணக்கா, கீழ்க்கணக்கா? எந்த லயம்? யாரு பேரன்?’ என்று கேள்வி இறங்கி இறங்கி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். கொழும்பில் ‘எந்த ஊர்’ என்ற கேள்விக்குக் கூசிப்போன அதே பையன் ஊருக்கு வந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறான்.

பாடசாலை இதற்கு வெளியே என்று சொல்லாதீர்கள். வாணி விழாவில் அவல் கிண்டச் சமையலறைக்குள் போகும் பிள்ளைகள் யார், வளவு கூட்ட விளக்குமாறு கொடுக்கப்படும் பிள்ளைகள் யார் என்று ஒரு வருடம் கவனித்துப் பாருங்கள். யாரும் வேண்டுமென்று பிரிப்பதில்லை. பிரிந்திருக்கும், அவ்வளவுதான்.

நாவலில் புன்பெய் என்று ஒருவன் வருகிறான். மேலதிகாரியின் உறவினன், புதிதாக வந்த ஆசிரியன், அதிபருக்கு வேண்டியவன். ஆசிரியர் அறையில் உஷிமாட்சுவின் பூர்வீகத்தைத் தோண்டி எடுத்து மெதுவாகப் பரப்பிவிடுவது அவன்தான். மாற்றலாகி வந்த சக ஆசிரியருடைய ‘ஊரை’ யாருக்கோ போன் போட்டு விசாரித்துவிட்டு, தேநீர் நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால் புன்பெய்யைவிட எனக்குப் பயம் உஷிமாட்சுவின் உயிர்நண்பன் கின்னோசுகேயிடம். நல்லவன். வதந்தி கிளம்பியதும் நண்பனுக்காக வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிறான். எப்படி வாதாடுகிறான் தெரியுமா? அந்தக் கூட்டத்தவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், குணமும் வேறு மாதிரி, உஷிமாட்சு அப்படியா இருக்கிறான் என்கிறான். நண்பன் தன்னைக் காப்பாற்றுவதைக் கேட்டுக்கொண்டு உஷிமாட்சு பேசாமல் இருக்கவேண்டியிருக்கிறது. கொழும்பில் நமக்குக் கிடைக்கும் பாராட்டு இதேதான்: ‘உங்களைப் பார்த்தா தோட்டத்து ஆள் மாதிரியே இல்ல.’ லயத்துக்குள்ளும் அதற்கு ஒரு பதிப்பு உண்டு. ‘அந்தப் புள்ள அந்த ஆளுங்க மாதிரி இல்ல, சுத்தபத்தமா இருக்கும்.’ சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள்.

நாவலில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இத்தனை பாடு. நவம்பர் 3, பேரரசரின் பிறந்த நாள். பாடசாலையில் விழா முடிந்து பிள்ளைகள் டெனிஸ் விளையாடுகிறார்கள். சென்டா என்று ஒரு பையன். உஷிமாட்சுவின் கூட்டம்தான், ஆனால் அவனுடைய பிறப்பு எல்லாருக்கும் தெரியும். மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனோடு ஜோடி சேர ஒருவரும் வரவில்லை. உஷிமாட்சு ஒன்றும் பேசவில்லை. போய் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பையன் பக்கத்தில் நிற்கிறான். எதிர்ப்பக்கம் புன்பெய். பந்து வருகிறது, போகிறது, சென்டா தடுமாறுகிறான், இருவரும் தோற்றுப்போகிறார்கள். சுற்றி நிற்கும் மற்றப் பிள்ளைகள் புன்பெய் பக்கம் கை தட்டுகிறார்கள்.

மண்டியிட்ட காட்சியைப் பற்றித்தான் விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆசிரியராக எனக்கு அந்த டெனிஸ் ஆட்டம்தான் நாவல். அங்கே அவன் தன்னைப் பற்றி எதையும் வெளியிடவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை, அந்தப் பையனைக் கூப்பிட்டு ‘நீ வெட்கப்படாதே’ என்று தைரியம் சொல்லவுமில்லை. ஜோடி இல்லாத இடத்தில் ஜோடியாகப் போய் நின்றான். அந்த நேரத்தில் அவனுக்கே உயிர் போகிற பயம். இந்தப் பையனோடு ஏன் சேர்கிறான் என்று புன்பெய் யோசிக்கத் தொடங்கினால் கதை கந்தல். தெரிந்தும் போனான்.

தோசொனோடு எனக்குத் தீராத சண்டை இதனால்தான். பனியில் சறுக்குவண்டி கட்டி உஷிமாட்சுவை வழியனுப்ப மாணவர்கள் வந்து நிற்கிறார்கள், காதலி வருகிறாள், கின்னோசுகே வருகிறான். எல்லாருக்கும் ஒரு வழி பண்ணிய நாவலாசிரியர் சென்டாவை வகுப்பிலேயே விட்டுவிட்டார். அடுத்த நவம்பர் 3 இல் அந்தப் பையனோடு ஆடுவதற்கு யார் இருக்கிறார்கள்? ஆசிரியர் போய்விட்டார். புன்பெய் இருக்கிறான்.

நீங்கள் போகவில்லை. அதனால்தான் இந்த மடல் கொழும்பிலுள்ள பிள்ளைகளுக்கு அல்லாமல் உங்களுக்கு வருகிறது. நான் கேட்பது பெரிய காரியமல்ல. புதுப் பிள்ளை வந்தால் எந்த லயம், யாருடைய பேரன் என்று கேட்காதீர்கள். படிவத்துக்கு வேண்டிய முகவரி படிவத்திலேயே இருக்கிறது. வகுப்பில் இருக்கை மாற்றும்போதும் வாணி விழாவுக்கு வேலை பிரிக்கும்போதும் இடாப்பு ஒழுங்கில் பெயரைக் கூப்பிடுங்கள். பெற்றோர் யாராவது வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றால் — வருவார்கள் — இடாப்பைக் காட்டுங்கள். ஆசிரியர் அறையில் குரல் தாழ்ந்தால் நீங்கள் உங்கள் குரலைக் கொஞ்சம் கூட்டிப் பேசுங்கள். உங்கள் சொந்தப் பூர்வீகத்தை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். சொன்னால் நின்றுகொண்டு சொல்லுங்கள்.

உயர்தரத் தமிழ் படிப்பிக்கிறவர்கள் இந்த நாவலைச் சுருக்கமாகவாவது பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பார்க்கலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால் நாலைந்து பேர் சேருங்கள், ஒரு போயா நாளில் ஹட்டனில் உட்கார்ந்து பேசுவோம். நான் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்கிறேன். என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது. இரவல் தருவேன், முதல் பக்கத்தில் வாங்கியவர் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டுத்தான் தருவேன். ஊரையும் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு முன்னுரிமை.

இப்படிக்கு,
உங்களில் சிலருக்குக் கணக்கும், பலருக்கு அடியும் கொடுத்த
ஓய்வுபெற்ற ஆசிரியன்,
தலவாக்கலை